இரண்டு கால்களையும் அளந்தவர்

மேடையிலுள்ள பெரிய டாக்டர் ஐயா அவர்களே, சிஸ்டர்களே, என்னோடு நோயாளிகளின் வண்டி தள்ளும் தோழர்களே, அம்மாவைப் பறிகொடுத்து நிற்கும் மகளே! உங்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த உரையை நானே எழுதினேன். அறுபத்து நான்கு வயதில் நான் எழுதிய முதல் உரை இது. அது மறைந்த நம் தலைமைச் செவிலியர் ‘டேப் சிஸ்டர்’ அவர்களுக்காக என்பதில் எனக்குப் பெருமை!

காய்ச்சலோடு வந்தவரின் காலை யாராவது அளப்பார்களா? இவர் அளந்தார்! தினமும் காலையில், டேப்பை வைத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார்! நாங்கள் சிரித்தோம். "சிஸ்டர், பேண்ட் தைக்கப் போறீங்களா?" என்று கேட்டவன் நான்தான்.

பிறகு என் மச்சான் நிமோனியாவில் படுத்தார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். ஐந்தாம் நாள் வலது கால் வலிக்கிறது என்றார். நான் கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கையை எடுங்கண்ணே! அமுக்காதீங்க!" என்று ஓடி வந்தார் சிஸ்டர்.

"காய்ச்சல் நெஞ்சுல சிஸ்டர். காலுக்கு என்ன?"

"கிருமி எங்க இருந்தாலும் ரத்தம் உடம்பெல்லாம் சுத்துதுல்ல? கிருமியை மடக்கிப் பிடிக்க ரத்தம் உறையும். நல்லதுதான். ஆனா சில நேரம் அளவு மீறிடும். படுத்தே கிடந்தா கால்ல கட்டியா நின்னுடும். நீங்க அமுக்கி, அது கழண்டு நுரையீரலை அடைச்சா? மச்சானைக் கொல்லப் பாக்குறீங்களா?"

"முப்பது வருசமா அதுக்குத்தான் சிஸ்டர் காத்திருக்கான்!" என்றார் மச்சான், இருமிக்கொண்டே.

அளந்தார். வலது கால் இடது காலைவிட மூன்றரை சென்டிமீட்டர் அதிகம்! ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. அன்றே ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டார்கள். மச்சான் பிழைத்தார், என் தங்கையின் வாழ்வு பிழைத்தது. என் அன்பான கைகளே அவரைக் கொன்றிருக்கும், ஐயா!

இனி யார் அளப்பது? அவரோடு இது போய்விடுமா? விடமாட்டோம்! நேற்று நம் வார்டின் எட்டுக் கட்டில்களிலும் நான் அளந்தேன். எண்களை நானே எழுதினேன்; சிஸ்டர்கள் சரிபார்த்தார்கள். சிறுநீர்த் தொற்றோடு வந்த ஐந்தாம் கட்டில் அம்மாவுக்கு இடது கால் நான்கு சென்டிமீட்டர் அதிகம். டாக்டரிடம் ஓடினேன். ஸ்கேனில் கட்டிதான்! மருந்து தொடங்கியாகிவிட்டது.

மற்ற ஏழு பேர் படுத்திருக்கிறார்கள். நாளை காலை ஆறு மணிக்கு என்னோடு அளக்க யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்!