இரட்சிக்கப்பட்ட பிக்கப்

என் பெயர் ஒஃபேலியா காந்து. வயது ஐம்பத்தொன்று. இறந்துபோன நிகானோர் காந்துவின் மனைவி. டெக்சாஸில் ஃபார் நகரத்து மெஸ்கீட் தெருவில் குடியிருந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். எனக்கு இங்கிலீஷ் பேச வரும், கோர்ட்டு இங்கிலீஷ் வராது, ஆகவே இந்த வாக்குமூலத்தை ஸ்பானிஷில் சொல்கிறேன்.

அபுந்தியோ சாலினாஸ் எங்கள் திருச்சபையில் கிட்டார் வாசிக்கிறவர். விபத்தில் நொறுங்கி, இனித் தேறாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் வைத்துச் சரிசெய்து விற்பது அவர் தொழில். என் கணவருக்குத் தோட்ட வேலைக்குச் சாமான் ஏற்ற ஒரு பிக்கப் வண்டி தேவைப்பட்டதால், ஈஸ்டர் முடிந்ததும் அவரிடம் போனோம். சிவப்பு வண்டி ஒன்றைக் காட்டினார். அதன் பிறகு பதிவுத்தாளைக் காட்டினார். இப்படிக் கைகழுவிய வண்டிகளுக்குப் போடுகிற 'சால்வேஜ்' என்ற சொல் அதில் அச்சடித்திருந்தது. மறைத்தார் என்று நான் சொல்லவில்லை, அவரே விரலை வைத்துக் காட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான்தான் கேட்டேன்.

'சால்வாதா' என்றார். எங்கள் பாஷையில் அதற்கு இரட்சிக்கப்பட்டவள் என்று அர்த்தம். பிக்கப் வண்டியும் எங்களுக்குப் பெண்பால்தான். அபுந்தியோ சிரித்துக்கொண்டே, "நம்மள மாதிரிதான் சிஸ்டர். உலகம் வேண்டாம்னு தூக்கிப் போட்டுச்சு, இப்ப இரட்சிக்கப்பட்டாச்சு," என்றார். என் கணவர் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர், குடித்துச் சீரழிந்து திருந்தி ஞானஸ்நானம் எடுத்தவர். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டு வாங்கலாம் என்று நான் சொன்னதற்கு, "ஏன் ஒஃபேலியா, என்னைய சபையில சேர்த்தப்ப யாராச்சும் பானெட்டைத் தூக்கிப் பாத்தாங்களா?" என்று கேட்டார். அபுந்தியோ சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டியை வாங்கிவிட்டோம்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் கணவர் எழுந்து, தன்னைப் போலவே தன் வண்டியும் மீட்கப்பட்டது என்று சாட்சி சொன்னார், சபை கைதட்டியது, பாஸ்டர் வெளியே வந்து பானெட்டில் எண்ணெய் தொட்டு வைத்து ஜெபித்தார்.

செப்டம்பரில் ஒரு காலை வேலைக்குப் போகும்போது, சிக்னலில் நின்றிருந்த வெங்காய லாரியின் பின்னால் என் கணவர் மோதிவிட்டார். வேகம் அதிகமில்லை. லாரியிலிருந்து ஒரு மூட்டைகூடச் சரியவில்லை. ஆனால் ஏர்பேக் விரியாமல் ஸ்டியரிங் நெஞ்சில் இடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் உயிர் போய்விட்டது. அதன் பிறகு, வண்டியை நிறுத்திவைத்திருந்த போலீஸ் யார்டில், ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டைச் சுருட்டித் திணித்து மூடியிருந்ததை எனக்குக் காட்டினார்கள். குழந்தைக்குத் தலை துவட்டுகிற துண்டு அது, வாத்துப் படம் போட்டது.

அடக்கம் முடிந்த பிறகு அபுந்தியோ கோழி சூப்போடு வீட்டுக்கு வந்தார். என்னோடு சேர்ந்து அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் பிறகு, "வண்டிய யார்டுல விட்டா வாடகைதான் ஏறும் சிஸ்டர். கையெழுத்துப் போட்டு எங்கிட்டக் குடுத்துருங்க. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, தேத்திரலாம்," என்றார். உள்ளே துண்டு இருந்ததே என்று கேட்டேன்.

"எங்கிட்ட வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு," என்றார்.

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அவர் வெளியே போகட்டும் என்று நான் கதவைத் திறந்துவிட்டேன். அதுவரை விதி என்று அழுதுகொண்டிருந்தேன், அதன் பிறகு அப்படி அழ முடியவில்லை. நான் கையெழுத்துப் போட்டால் அவர் அதற்கு மறுபடி பெயின்ட் அடிப்பார், எங்கள் சபையிலேயே இன்னொருவர் கண் கலங்கி வாங்குவார். வண்டி அவர் கைக்குத் திரும்பக் கூடாது என்பதற்காகவே இந்த வாக்குமூலம் கொடுக்க வந்தேன்.

இதை எனக்கு ஸ்பானிஷில் வாசித்துக் காட்டினார்கள். அபுந்தியோவின் பெயருக்கு முன்னால் பழக்கத்தில் நான் சொல்லியிருந்த 'சகோதரர்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்துவிடச் சொன்னேன், அடித்துவிட்டார்கள். இப்போது இதில் உள்ளதெல்லாம் உண்மை.

(கையொப்பம்)
ஒஃபேலியா காந்து