கத்தரிப்பூ நிறக் கார்

இடுக்கியை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது, தம்பி. சட்டையைக் கொடுக்கலாம், செருப்பைக் கொடுக்கலாம், ஆத்திர அவசரத்துக்குப் பல்செட்டைக்கூடக் கழற்றிக் கொடுக்கலாம். கூர்நுனி இடுக்கி அந்த ரகமில்லை. ஒரு தடவை அடுத்தவர் கைக்குப் போய்விட்டு வந்தால் அது வேறு இடுக்கி.

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் தம்பி. என்னை உட்காரவைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, ஆறுதலாக ஒன்று சொன்னீர்கள். "மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க ஐயா. கவனக்குறைவுதான். வயசான காலத்துல இப்படி ஆயிடறது உண்டு." நல்ல மனதோடு சொன்னீர்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இப்போது வாயைத் திறக்கிறேன். ஓய்வு பெறும்வரை காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கார்களைப் பார்த்துக் காரணம் சொல்கிற வேலை எனக்கு. கவனக்குறைவு என்று சொல்லாத நாளில்லை. கை பிரேக் போட மறந்தவன், ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கியவன், மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டே மரத்தை முத்தமிட்டவன், அவர்களுக்கெல்லாம் அந்த வார்த்தை பொருந்தும். என் மச்சினன் விஷயத்தில் பொருந்தாது. நான் செய்த வேலையில் ஊசிமுனை அளவுக்கும் கவனம் குறையவில்லை.

நான் பிளாஸ்டிக் கார் கட்டுகிறவன். நிஜக் காரை இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி. உள்ளங்கையில் நிற்கும். பெட்டியைத் திறந்தால் பாகங்களெல்லாம் ஒரு சட்டத்தில் காய்த்துத் தொங்கும். கட்டரால் நறுக்கி எடுத்து, அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, பிரைமர் அடித்து, அதன்மேல் நிறம், நிறத்தின்மேல் பளபளப்பு. கேட்க ஒரு மூச்சு. செய்ய ஒரு ஜென்மம். கதவுக் கைப்பிடி எறும்பின் கால் கனம் இருக்கும். அதைப் பிடித்து வைக்கும்போது நான் மூச்சு விடுவதில்லை. என் மனைவி ஒருமுறை நான் போய்விட்டேன் என்று நினைத்துத் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு அவளுடைய தம்பி வந்து சேர்ந்தான். மகனோடு ஏதோ மனஸ்தாபம், "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் அத்தான்" என்றான். அவனுடைய நாட்காட்டியில் ரெண்டு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது மழைக்காலமும் முடிந்துவிட்டது.

அவனைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்லக் கூடாது, இறந்தவன். உள்ளதை மட்டும் சொல்கிறேன். அவன் தும்மினால் தெருவில் நிறுத்திய வண்டிகளின் அலாரம் அடிக்கும். கொட்டாவி விட்டால் முந்தாநாள் சாப்பாடு வரைக்கும் தெரியும். சாப்பிடும்போது அவன் வாயிலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டு நாய் எழுந்து வந்து வாசலில் நிற்கும், தன் இனம் என்று. சோப்புக்கட்டியில் எப்போதும் ஒரு சுருண்ட முடி. துண்டில் மஞ்சள் கறை. போதாததற்கு இழுப்பு வியாதி. மூச்சு விடும்போது உள்ளே யாரோ பழைய கதவைத் திறந்து மூடுகிற மாதிரி இருக்கும். இருமி இருமிக் கோழையை மேலே கொண்டுவந்து, துப்ப இடம் தேடுவான்.

ஒருநாள் இடம் கிடைத்துவிட்டது. நான் பெயிண்ட் கலக்குகிற சின்னக் கிண்ணம். வெள்ளை பெயிண்டுதான் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துத் தூரிகையை விட்டேன். தூரிகை வெளியே வந்தபோது கூடவே நூல் நூலாக ஒன்று வந்தது. பெயிண்ட் அப்படி வராது, தம்பி.

இடுக்கியும் அப்படித்தான். கண்ணாடி முன்னால் நின்று என் இடுக்கியால் மூக்குமுடி பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன அத்தான், இது சூப்பரா புடிக்குது. கடையில வாங்கினதெல்லாம் வழுக்குது." நுனியில் ஒரு முடி, அதன் வேரோடு, ஈரமாக ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

இன்னொரு நாள் என் கட்டரையும் எடுத்தான். எதற்கு என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அப்போது நான் கட்டிக்கொண்டிருந்த கார் சாதாரணக் கார் இல்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நானும் அவளும் வாங்கிய முதல் கார். பழைய கார்தான், ஆனால் அவளை அதில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனபோது நான் மந்திரி மாதிரி இருந்தேன். அதே மாடல் பெட்டி கிடைத்ததும் அவளுக்குச் செய்து கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முகப்பு விளக்குக்குக் கீழே ஒரு வளைந்த, ஒளி ஊடுருவுகிற மஞ்சள் துண்டு வரும், பிறைநிலா மாதிரி. தட்டில் கிடந்தது. எடுத்தேன், ஒட்டினேன், அழகாகப் பொருந்தியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து ரசித்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய பிளாஸ்டிக் மங்குகிற அந்த மஞ்சள் எவ்வளவு இயல்பாக வந்திருக்கிறது பார் என்றேன்.

பிறகு நிஜமான துண்டு மேஜைக்கு அடியில் கிடைத்தது.

அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, இன்ஹேலரை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "ஐயோ அக்கா, அத்தான் என் கால் நகத்த எடுத்து லைட்டு போட்டுட்டாரு. இனிமே கார்ல நானும் ஒரு பார்ட்டு."

மனைவியும் சிரித்தாள். "விடுங்க. தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள். நான் கையை ஏழு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்னும் விரலில் அந்தச் சொரசொரப்பு இருக்கிறது. தொட்டுப் பார்க்கிறீர்களா? வேண்டாம்.

அதற்காகக் கொன்றேன் என்று எழுதிவிடாதீர்கள். நகத்துக்காகக் கொல்வது காட்டுமிராண்டித்தனம்.

நிறம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் காரின் நிறம் கத்தரிப்பூவும் இல்லை, சாம்பலும் இல்லை, இரண்டும் மனஸ்தாபம் தீர்ந்து ஒரே வீட்டில் குடியிருப்பது போல ஒன்று. அதைத் தேடி நான் ஏறாத பெயிண்ட் கடை இந்த ஊரில் கிடையாது. கலந்தேன், அடித்தேன், காயவைத்தேன், அவளிடம் காட்டினேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். "கிட்டத்தட்ட வந்துடுச்சுங்க. ஆனா இது இல்ல." மறுபடி கலந்தேன். "இது இல்ல." பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் அடித்துப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். ஒரு கல்யாணத்துக்குப் பரிமாறுகிற அளவு கரண்டி சேர்ந்துவிட்டது. அத்தனையும் அது இல்லை.

ஒரு சாயங்காலம் அவன் கடைத்தெருவிலிருந்து வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு நகப்பூச்சுக் குப்பியை எடுத்தான். "வளையல் கடைல பாத்தேன் அத்தான். சின்ன வயசுல அந்தக் காரை நான்தானே கழுவுவேன். கண்ணு மறக்குமா?"

ஒரு கரண்டியில் தடவினான். தடவினான் என்ன, அப்பினான். என் மனைவி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் அன்றுதான் பார்க்கிறேன். "இதேதான்டா. இதேதான்டா தம்பி." அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள்.

எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. வளையல் கடைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். எனக்கு அருவருப்புத்தான். அந்தக் குப்பியை அவன் சட்டைப் பையில், பயன்படுத்திய கைக்குட்டையோடு சேர்த்து வைத்திருந்தான். அதைத்தான் சொல்கிறேன். குப்பியை வெந்நீரில் கழுவிவிட்டுத்தான் திறந்தேன். தின்னர் விட்டு நீர்க்கவைத்து, ஏர்பிரஷ் என்கிற தெளிப்பானில் ஊற்றி அடித்தேன். நன்றாகத்தான் வந்தது. அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான், "நெறம் நம்மது."

இனி மிச்சம் பளபளப்பு. இரண்டு டப்பாவாக வருகிற ஒரு வார்னிஷ் உண்டு. இரண்டையும் கலந்தால் கண்ணாடி மாதிரி இறுகும், முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். ஆனால் பொல்லாத ஆவி. முகமூடி இல்லாமல் கிட்டே போகக் கூடாது, இழுப்புக்காரர்கள் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது என்று டப்பாவின் மேலேயே போட்டிருக்கிறது. நான் எதையும் வாசிக்காமல் திறக்கிறவன் இல்லை.

எதையும் சோதிக்காமல் காரில் அடிக்கிறவனும் இல்லை. முதலில் ஒரே ஒரு கரண்டியில் அடித்துப் பார்த்தேன், கதவைத் திறந்துவைத்து. கூடத்தில் உட்கார்ந்திருந்த அவனுக்கு அன்று சாயங்காலம் முழுக்க இழுப்பு. அக்காக்காரி இன்ஹேலரோடு ஓடினாள், முதுகைத் தடவினாள், வெந்நீர் வைத்தாள். அப்படியிருந்தும் உதடு நீலமாகிவிட்டது. சோதனை திருப்தியாக வந்தது. கரண்டியும் நன்றாகப் பளபளத்தது.

என் வேலை அறையில் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு விசிறியும் தடித்த குழாயும் உண்டு. குழாய் ஜன்னல் வழியாகப் போகும். வளைந்து வளைந்து போகும். வளைவு கூடினால் இழுவை குறையும், இழுவை குறைந்தால் தூசி ஈரப் பூச்சில் உட்காரும். இது அரிச்சுவடி. நேராகக் குழாயை விட ஒரே வழி, அடுத்த அறையின் சுவரில் இருக்கிற காற்றுத் துளை. அடுத்த அறை அவனுடையது. மத்தியான நேரத்தில் உண்ட மயக்கத்தில் தூங்குவான், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. வெளிச்சம் அவனுக்கு ஆகாது.

அன்று மனைவி பல் வைத்தியரிடம் போயிருந்தாள். நான் அவன் அறையைக் கொஞ்சம் ஒழுங்கு செய்தேன். தலைமாட்டில் இன்ஹேலர் கிடந்தது. வாய் வைக்கிற இடத்தில் எச்சில் காய்ந்து, ஓரமெல்லாம் பழுப்பாக, பார்க்கவே குமட்டியது. எடுத்து வந்து பிரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, என் மேஜையில் காரின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் காயவைத்தேன். ஈரத்தோடு கொடுக்கக் கூடாது அல்லவா. அவன் அறைக் கதவு காற்றில் ஆடித் தூசி கிளப்பும். வெளியே தாழ் போட்டேன். கீழே இடுக்கில் ஈரத்துணி வைத்தேன். பிறகு குழாயை அந்தத் துளையில் செருகி, முகமூடியை மாட்டிக்கொண்டு கலக்க ஆரம்பித்தேன்.

இந்தப் பூச்சில் ஒரு விதி, தம்பி. ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. பாதியில் கையை எடுத்தால் விளிம்பு காய்ந்துவிடும், கோடு விழும். அவன் தட்ட ஆரம்பித்தபோது நான் காரின் கூரையில் இருந்தேன். தட்டல் முதலில் கதவில் தோள் உயரத்தில் கேட்டது. பானட்டுக்கு வந்தபோது இடுப்பு உயரத்தில். பின்பக்கம் அடிக்கும்போது தரையோடு தரையாக, உள்ளங்கையால். "அத்தான்" என்று ஒருதடவை கூப்பிட்டான். எந்நேரமும் கத்துகிறவன் அன்றைக்குத்தான் அவ்வளவு மெதுவாக, நாசூக்காகக் கூப்பிட்டான். அந்த வீட்டில் அவன் செய்த ஒரே சுத்தமான காரியம் அது.

ஒரு தூசி இல்லை, ஒரு வழிசல் இல்லை. முடித்தபிறகு ஏர்பிரஷ்ஷைக் கழுவினேன். குழாயை ஜன்னலுக்கு மாற்றினேன். துணியை எடுத்தேன், தாழைத் திறந்தேன், காய்ந்திருந்த இன்ஹேலரைப் பொருத்தி அதன் இடத்தில் வைத்தேன். அவன் வாயோரத்தில் நுரை இருந்தது. அதைத் துடைக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. குமட்டியது.

ஆகவே நீங்கள் சொன்ன அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். குழாயைத் திருப்பியது நான், தாழ் போட்டது நான், மருந்தை எடுத்தது நான். அவன் சாக வேண்டும் என்றுதான் செய்தேன், ஒழுங்காகச் செய்தேன். மறந்துபோய், தடுமாறிப்போய்ச் செய்த கிழவன் என்று என்னைச் சொல்லாதீர்கள்.

என் மனைவிக்கு இதெல்லாம் மெல்லப் புரியும். வீடு இப்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அவளும் பார்ப்பாள். நேற்று அவனை எடுத்துக்கொண்டு போன பிறகு அவளே என் அறைக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை. சுவரில் இருக்கிற காற்றுத் துளையைப் பார்த்தாள். குழாய் உரசிய இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, அதையும் பார்த்தாள். பிறகு மேஜைக்கு வந்து காரைப் பார்த்தாள்.

"நெறம் அதேதாங்க" என்றாள்.

எவ்வளவு நாள் காத்திருந்தேன் அந்த வார்த்தைக்கு. பூச்சு இன்னும் இறுகவில்லை, தொடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பெருவிரலை பானட்டின் நடுவில் வைத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, ஆழமாக அழுத்தினாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. காய்ந்துவிட்டதா என்று பார்த்திருப்பாள்.