ஆபிரிக்கா ரிபன்

சட்டைக் கையில் கோப்ரல் கோடு தைப்பவர்கள் அநேகமாக ஒரே தவறைத்தான் செய்வார்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவைக் கண்ணால் மட்டம் பார்ப்பார்கள், கோடு கோணலாகிவிடும். நான் நூல் பிடித்து அளந்து தைப்பேன். திருகோணமலையில் பட்டாள முகாமுக்கு வெளியே இருந்த தையல்கடையில் நாலு வருஷம் எனக்கு அதுதான் வேலை, ஐயா. பட்டாளத்தில் சேரவும் போய்ப் பார்த்தேன். நெஞ்சளவு ஒன்றரை அங்குலம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உலகச் சண்டை முடிந்து கடையைப் பூட்டியபோது, ஒருவரும் வந்து எடுக்காத காக்கிச் சட்டை ஒன்று கிடந்தது. கையில் இரண்டு கோடு. பைக்கு மேலே ஆபிரிக்காவில் சண்டை பிடித்தவர்களுக்குக் கொடுக்கும் ரிபன்: மணல் நிறம், நடுவில் சிவப்பு. அதைப் போட்டுக்கொண்டு ஊரான குருநகரில் வந்து இறங்கினேன். நான் பொய் சொல்லவில்லை. "ஆபிரிக்காவிலையோ நிண்டனி?" என்று கேட்டார்கள், "ஓம்" என்றேன். மிச்சத்தை அவர்களே கதைத்துக்கொண்டார்கள்.

ஒழுங்கோடுதான் அணிந்தேன். கள்ளுக் குடிக்கப் போகும்போது போடமாட்டேன். மீன்சந்தைக்குப் போடமாட்டேன். ஞாயிறு பூசைக்கும் திருநாளுக்கும் மட்டும். மக்டலீனின் தகப்பன் அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் அவளை எனக்குக் கட்டித் தந்தார். திருநாள் ஊர்வலத்தில் சுரூபத்துக்கு முன்னால் நடக்கிற இடமும் எனக்குத்தான் கிடைத்தது.

இந்த வருஷம் மாசியில் அடைக்கலநாதன் வந்தான். கத்தரீனா மாமியின் ஒரே மகன். அவன் உண்மையாகவே லிபியாவில் நின்றவன். காயப்பட்டு, பிறகு எகிப்தில் பட்டாளக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தான். இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. சாரமும் வெறும் சட்டையுமாகத் திரிந்தான். ஊருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தான். பட்டாளத்தில் எந்தக் கொம்பனி என்று கேட்டான். தைக்க வந்தவர்கள் சொல்லக் கேட்ட பெயர் ஒன்றைச் சொன்னேன். தேத்தண்ணியை முடித்து எழும்பினான்; மக்டலீனுக்கு முன்னால் மேலே கேட்கவில்லை. வழியனுப்ப ஒழுங்கை வழியே தெருமுனைவரை கூடப் போனேன். அங்கேதான் சொன்னான்:

"சட்டையை வைச்சிரு, கோட்டையும் வைச்சிரு. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அந்த ரிபனை மட்டும் கழட்டிப்போடு, கனிசியஸ். அதுக்கு உரிய ஆக்கள் அங்கை மணலுக்கை கிடக்கினம். பெரிய வெள்ளிக்கு முன்னம் கழட்டாட்டி பங்குச் சுவாமியாரிட்டைச் சொல்லவேண்டி வரும்."

நியாயமாகத்தான் கேட்டான். நான் அதை இரண்டு கிழமை யோசித்தேன். தையலைப் பிரிக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் ரிபனுக்குக் கீழே வெயில் பட்டிராது. துணியின் பழைய நிறம் அப்படியே தெரியும். பார்க்கிறவர்கள் ஏன் கழற்றினாய் என்று கேட்பார்கள். அதற்கு மக்டலீனின் தகப்பனிடம் என்ன சொல்வது? இதை அடைக்கலநாதனிடம் விளக்கினேன். வேறு சட்டை தைக்கச் சொன்னான். தையல்காரனுக்கு அது பெரிய வேலையா என்று சிரித்தான்.

கழற்றச் சம்மதம் என்று சொல்லி, மண்டைதீவில் என் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். புதன்கிழமை, காலை ஒன்பது மணியிருக்கும். வள்ளத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கோல் ஊன்றினேன். அந்தக் கடல் பெரும்பாலும் இடுப்பளவுதான். நடுவில் ஓரிடத்தில் கோல் அடியில் முட்டாது. அவன் விளிம்பில் எனக்கு முதுகு காட்டி இருந்தான். மரக்கோலால் தள்ளினேன். அடிக்கவில்லை.

ஒரு கையால் நீந்த முடியாது என்பது தெரிந்ததுதான். இரண்டு தரம் தாழ்ந்து எழும்பினான். கோலை நீட்டினேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ரிபன் இருக்கட்டோ?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்," என்றான். "இருக்கட்டும், கனிசியஸ். இழு."

அதுவரைக்கும் அவனை இழுத்து ஏற்றத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் மாறிவிட்டது. மணலுக்குள் கிடக்கிறவர்களை ஒரு மூச்சுக்காக விட்டுக்கொடுத்தவன் அவன். அப்படிப்பட்டவனுக்கா அந்த ரிபன் என்று பட்டது. கோலை மெல்லத் திருகினேன். ஈரக் கை, வழுக்கிவிட்டது.

நிலை தவறி விழுந்துவிட்டான் என்று ஊரில் சொன்னேன். அடக்கத்தன்று சவக்காலையில் அந்தச் சட்டையோடு விறைப்பாக நின்றேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

பிறகு தபாலில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. அவனுடைய பதக்கம், நட்சத்திரமும் ரிபனும். மாமி அதை என்னிடம் கொண்டுவந்தா.

"மோனை, நீயும் அவனைப்போலை பட்டாளத்திலை இருந்தனி. முப்பத்தோராம் நாள் பூசைக்கு இதை நீ குத்திக்கொண்டு வா. எனக்கு அவனைப் பாத்தமாதிரி இருக்கும்."

பெற்றவள் கேட்கும்போது மறுப்பது முறையில்லை.

அந்தப் புதன்கிழமை கடலுக்குள் நட்டிருந்த களங்கண்டி வலையில் இறால் அள்ளிக்கொண்டு நின்ற யாகப்பு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். பயத்தில் ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. பதக்கத்தை என் நெஞ்சில் கண்டதும் பாதிப் பூசையில் எழும்பிப் பொலிசு நிலையத்துக்கு உங்களிடம் வந்துவிட்டான். தள்ளியதையும் கோலைத் திருகியதையும் அவன் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். ஆனால் செத்தவனின் பதக்கத்தையும் நான் எனதாக்கிக்கொண்டேன் என்று சொன்னானே, அது பிழை. பதக்கம் பெற்றவன் அதை இடது நெஞ்சில் குத்துவான். செத்தவனுக்காக அணிகிறவர் வலது நெஞ்சில் குத்தவேண்டும். நான் வலது நெஞ்சில்தான் குத்தியிருந்தேன். அதையும் எழுதுங்கள், ஐயா. எனக்கு உரித்தில்லாததை என்னுடையது என்று நான் ஒருநாளும் அணிந்ததில்லை.