மூப்பர் தனசேகரனும் என் வழிமொழிதலும்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் தேவநேசன் ஐயா அவர்களே! மூப்பர்களே! கணவரை இழந்த துயரத்தையும் அடக்கிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பூவம்மா அம்மையார் அவர்களே! அப்பர் சிராங்கூன் சாலை வரைக்கும் பஸ் ஏறி வந்திருக்கும் என் கடை வாடிக்கையாளர்களே! அனைவருக்கும் இந்த அஹமது கபீரின் வணக்கம்.

போதகர் சற்று முன் இரங்கல் தீர்மானத்தை முன்மொழிந்துவிட்டு என் பெயரை அழைத்ததும், பின்வரிசையில் ஒருவர் "பாய் எதுக்கு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. பிரஸ்பிட்டீரியன் சபையின் மூப்பருக்கு இரங்கல் சொல்லப் பரோட்டாக் கடைக்காரன் எதற்கு? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஐம்பத்திரண்டாம் வருடம். சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சந்தில் கீழே என் கடை, மேலே காலி மாடி. துறைமுகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்த தனசேகரன் அவர்கள் அந்த மாடியை வாடகைக்குப் பிடித்தார். தமிழில் பாடவும் ஜெபிக்கவும் ஒரு சபை வேண்டும் என்பது அவருடைய கனவு. அதைத் தொடங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார். நம் கிராணியாரைத்தான் தெரியுமே! ஒழுங்குமுறை இல்லாமல் அவர் தும்மக்கூட மாட்டார். அவர் தலைவராக உட்கார்ந்தார். மைத்துனர் சேதுபதி எழுந்து, "சபை தொடங்கலாம் என்று முன்மொழிகிறேன்" என்றார். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். வந்திருந்த மற்றவர்களுக்கெல்லாம் வேறு சபைகளில் பெயர் இருந்தது. இங்கே கையைத் தூக்கினால் அங்கே என்ன ஆகுமோ என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர் கிராணியாரின் மனைவி பூவம்மா அம்மையார்.

அம்மையார் என்ன சொன்னார் தெரியுமா? என் கடைக்கே கேட்டது!

"மாடி எடுக்கும்போது என்னைக் கேட்டீங்களா? அப்ப கேக்கல. இப்ப கை தூக்க மட்டும் நான் வேணுமா? மாட்டேன்."

அம்மையார் சிரிக்கிறார்கள். நல்லது. கிராணியார் இருந்திருந்தால் இந்த இடத்தில் மேசையைத் தட்டி அமைதி கேட்டிருப்பார்.

தொடங்கும் முன்பே சபை முடிந்துவிடும் போல இருந்தது. அப்போதுதான் ஜன்னல் வழியாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. "பாய், ஒரு நிமிஷம் மேல வாங்க!" பரோட்டா மாவு பிசைந்த கையோடு ஏறிப்போனேன். விதிப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கிராணியார் கேட்டார்:

"வழிமொழியறவர் வயசு வந்தவரா இருக்கணும்னு போட்டிருக்கு. நீங்க வயசு வந்தவர்தானே?"

"கல்யாணம் ஆகி நாலு பிள்ளை லா!"

"அப்ப கையைத் தூக்குங்க."

தூக்கினேன். மாவு முழங்கை வரை ஒட்டியிருந்தது. சபை பிறந்தது.

பிறந்த சபை வளர்ந்ததா? வளர்ந்தது! எப்படி வளர்ந்தது? தீர்மானம் தீர்மானமாக வளர்ந்தது! ஒரு துடைப்பம் வாங்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. தென்னந்துடைப்பமா, புல் துடைப்பமா என்று வாரக்கணக்கில் விவாதம். பலகைத் தளம், மேலே குப்பை, கீழே என் கறிச்சட்டி! பொறுக்க முடியாமல் நானே ஒரு துடைப்பம் வாங்கிக்கொண்டு போனேன். கிராணியார் வாங்கிக்கொண்டாரா? இல்லை! அன்பளிப்பை ஏற்றுக்கொள்ள இன்னொரு தீர்மானம் வேண்டுமாம். அது நிறைவேறும்வரை துடைப்பம் என் கடையில்தான் நின்றது.

ஆனால் ஒன்று சொல்வேன். பிள்ளைகள் விஷயத்தில் அந்த மனிதர் எந்தத் தீர்மானத்துக்கும் காத்திருந்ததில்லை. வேலை முடிந்து வந்ததும் மாடியில் மாலை வகுப்பு நடத்துவார். கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளையா, பள்ளிவாசலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளையா என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் மகள் ஆயிஷா அங்கேதான் ஆங்கிலம் படித்தாள். இன்றைக்கு அவள் ஆசிரியை. நான் படிக்கவைத்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் படிக்கவைத்தவர் அவர்.

அறுபத்தொன்றில் வந்தது சோதனை. வீட்டுக்காரர் வருடக் கடைசிக்குள் மாடியைத் திருப்பிக் கேட்டுவிட்டார். கோயில் கட்ட நிலம் தர, சபைகளை மேற்பார்க்கும் மேல்சபை தயாராக இருந்தது. ஆனால் சபை முறைப்படி தொடங்கியதுதானா என்று விசாரித்த பிறகே தருவார்கள். விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். தலைவர் வயதான சீனப் போதகர்.

"தொடக்கத் தீர்மானத்தை வழிமொழிந்தவர் யார்?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நானாக இருந்தால் இருமியிருப்பேன்! கிராணியார் நிமிர்ந்து நின்று சொன்னார்: "கீழ்க்கடை அஹமது கபீர்."

"அவர் உறுப்பினரா?"

"இல்லை. முஸ்லிம்."

சீனப் போதகர் விதிப்புத்தகத்தை வாங்கி, ஒரே ஒரு பக்கம் புரட்டிக் காட்டினார். வழிமொழிபவர் திருமுழுக்குப் பெற்றவராக இருக்க வேண்டும் என்று அடுத்த பக்கத்திலேயே இருந்தது! வாழ்நாளெல்லாம் விதிகளைக் கரைத்துக் குடித்த மனிதர், பக்கம் புரட்டாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். சேதுபதி தலையில் கை வைத்துக்கொண்டார். நிலமும் போச்சு, மாடியும் போச்சு என்று மேலே ஒரே அழுகை.

என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய்தான். எதற்காகக் கை தூக்கினாய் என்று கேட்டார். நான் சொன்னேன்: "ஐயா, உங்க மார்க்கத்தைப் பத்தி எனக்குத் தெரியாது. இந்த மனுசரைத் தெரியும். ஒரு நல்ல காரியத்துக்கு இவர் கை கேட்டார், குடுத்தேன். நாளைக்குக் கேட்டாலும் குடுப்பேன்."

பெரியவர் விதிப்புத்தகத்தை மூடினார். பிறகு சிரித்துவிட்டார். தவறு இருக்கிறது, ஏமாற்று இல்லை என்றார். "இப்போதே, எங்கள் முன்னாலேயே, மறுபடியும் முறைப்படி தொடங்குங்கள்" என்றார்.

சேதுபதி முன்மொழிந்தார். மாடி நிறைய உறுப்பினர்கள். எத்தனையோ கைகள் எழும்பின. கிராணியார் ஒருவரையும் அனுமதிக்கவில்லை. மேசையை விட்டு எழுந்து நேரே பூவம்மா அம்மையாரிடம் போனார்.

"பூவம்மா, அன்னைக்கு உன்னைக் கேக்காம மாடி எடுத்தது தப்பு. இப்பக் கேக்கறேன். சபை வைக்கலாமா?"

அம்மையார் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். "கேட்டீங்கள்ல. அது போதும். வழிமொழியறேன்."

அப்படித்தான் நிலம் கிடைத்து, இந்த மண்டபம் எழும்பியது!

எல்லாருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் கொஞ்சம் மனக்கஷ்டம். ஒன்பது வருடம் ஒரு சபையைத் தாங்கிய கை, ஒரு நொடியில் செல்லாமல் போய்விட்டதே! படி இறங்கும்போது கிராணியார் என் தோளைப் பிடித்தார். "பாய், உங்க வழிமொழிதல ரத்து பண்ணிட்டாங்க. மனசுல வச்சுக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார். நான் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். மறந்தும் போனேன்.

அவர் மறக்கவில்லை. முந்தாநாள் பூவம்மா அம்மையார் என் கடைக்கு வந்தார்கள். "பாய், ஆஸ்பத்திரியில அவர் கடைசியா தெளிவாப் பேசினது உங்களைப் பத்தித்தான். 'என் இரங்கல் தீர்மானத்த பாய் வழிமொழியட்டும். விதிப்புத்தகத்தப் பார்த்துட்டேன், தடை இல்ல'ன்னார்" என்றார்கள். போதகர் ஐயாவும் பார்த்திருக்கிறார். இந்தத் தடவை அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்திருக்கிறார். தடை இல்லையாம்.

சாகக் கிடக்கிறவர் தனக்காக எதையெதையோ வேண்டிக்கொள்வார். இந்த மனிதர் எனக்காக விதி தேடிக்கொண்டிருந்திருக்கிறார்! நான் அழாமல் பேசுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். முடியவில்லை.

தீர்மானத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. மூப்பர் தனசேகரன் அவர்களின் மறைவுக்கு இந்தக் கூட்டம் வருந்துகிறது என்பது ஒன்று. அவர் தொடங்கிய மாலை வகுப்பு ஒருநாளும் நிற்காது என்பது இன்னொன்று. இரண்டாவது பகுதிக்கு வெறும் கை போதாது. பாடம் சொல்லிக்கொடுக்க ஆயிஷா வருவாள், அவளைக் கேட்டுவிட்டேன். கேட்காமல் முடிவு செய்தால் என்ன நடக்கும் என்று நமக்குத்தான் தெரியுமே! பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியும் பரோட்டாவும் என் கடையிலிருந்து வரும். அதை ஏற்றுக்கொள்ளத் தனியாகத் தீர்மானம் போடுவதாக இருந்தால், தயவுசெய்து ஆறுவதற்குள் போட்டு முடியுங்கள்.

கிராணியாரே! அன்றைக்கு மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தேன். இன்றைக்குக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறேன். இதோ, தூக்கிவிட்டேன்.

வழிமொழிகிறேன்.