பனிமூட்டம் படத்துக்கு ஆகாது

காவல்துறை சார்ஜென்ட் மெக்கே அவர்களுக்கு,

அன்று மத்தியானம் வீட்டில் நாங்கள் மூன்று பேர். கணப்பருகே நாற்காலியில் என் அண்ணன் லாக்லன். சன்னலோரம் பின்னல் ஊசியோடு நான். கதவருகே முக்காலியில் பணிப்பெண் பெய்கி, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கணப்புக்கு மேலே எங்கள் பாட்டனார் காலத்து எண்ணெய் ஓவியம்: மூட்டம் இறங்கிய மலைச்சரிவு, நான்கு பெண்மான்கள், தலைதூக்கிய ஒரு கலைமான்.

துரைமார்களை மான் வேட்டைக்கு மலையேற்றிக் கூட்டிப்போனவர் அண்ணன், உங்களுக்கே தெரியும். புத்தி தடுமாறியபின் படத்து மான்களை நிஜமென்று நம்பினார். எச்சில் விரலை உயர்த்திக் காற்றுப் பார்ப்பார். கம்பளத்தில் வயிற்றால் ஊர்ந்து கணப்பை நெருங்குவார்.

"ஐயா, அதுங்க நாளைக்கும் அங்கதான் நிக்கும். வந்து கஞ்சியக் குடிங்க" என்பாள் பெய்கி.

"சத்தம் போடாதடி, காத்து அந்தப் பக்கம் அடிக்குது."

நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த வாரம் கத்தியை எடுத்துவிட்டார். விழுந்த மானின் வயிற்றை உடனே கீற வேண்டும் என்பது அவர் தொழிலின் விதி. படத்துக் கலைமானின் வயிற்றில் ஒரு விரல் நீளம் கிழிசல். பின்பக்கம் துணி ஒட்டிச் சரிசெய்தேன். அன்று மத்தியானமும் கத்தியைத் தேடினார். பெய்கி அதற்குள் பால் வாங்கப் போயிருந்தாள், பின்கதவைச் சாத்திவிட்டுத்தான்.

"அண்ணே, அதுங்க இங்க இல்ல. ஓடைப் பக்கம் எறங்கிடுச்சு" என்றேன்.

"மூட்டமா இருக்கே, மோராக்."

"மூட்டத்துலதான் கிட்டப் போகலாம்னு நீங்கதானே சொல்வீங்க."

தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். மேலங்கியும் அதே ஆணியில்தான் தொங்கியது. பின்கதவு வழியே வெறும் காலுறையோடு இறங்கிப் போனார்.

கதவைத் தாழிட்டேன். ஈரம் பட்டால் படத்தின் பழைய சாயம் உரிந்துவிடும், வேறு காரணமில்லை. சற்றுப் பொறுத்துத் தட்டினார். துரை வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல மெதுவாக, இடைவெளி விட்டு. "குளுருதும்மா" என்றார். பின்னலைப் பாதி வரிசையில் நிறுத்தினால் கண்ணி நழுவிவிடும். வரிசை முடிந்தபோது ஓசை நின்றிருந்தது.

பிறகு தாழை நீக்கி, கதவைத் திறந்து வைத்தேன். பெய்கி வந்ததும், இப்படித் திறந்து போட்டுவிட்டுப் போனாயே என்று கேட்டேன்.

"நான்தான் மறந்துட்டேனோ, அம்மா" என்று அழுதாள்.

விடிந்ததும் அண்ணனின் உடலை ஓடைக்கரையில் கண்டெடுத்தீர்கள். இப்போது பெய்கியின் மேல் வழக்கு வரும் என்கிறார்கள். அவள் கதவைத் திறந்து வைக்கவில்லை. பெற்ற தாயே அவளைக் குறை சொல்கிறாளாம். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அண்ணனைப் பொறுத்தவரை, அவருக்குப் பிடித்த மலைக்குத்தானே போனார்.

தபால் வண்டி வாசலில் நிற்கிறது. உறையை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். இன்றும் மூட்டம்தான், அதனால் கதவு தாழிட்டிருக்கும். வந்தால் தட்டுங்கள். எனக்கு நன்றாகக் கேட்கும்.