நூற்றுப் பதினான்கு படிகளையும் ஏறிப் பார்த்தவருக்கு

ஜோர்தான் மலைச்சரிவில், தல்அத் ஸைதூன் நலவாழ்வு நிலையத்தில், முப்பத்தோராண்டு முகஞ்சுளியாது பணியாற்றி இன்று பணி நிறைவு பெறும் மூத்த செவிலியே! கண்டிப்பில் கனலே, கனிவில் கனியே, சிஸ்டர் ருதைனா அவர்களே! தங்கள்மீது சாந்தி நிலவுவதாக!

எடை பார்க்கும் மேடையருகே தாங்கள் நின்றால், ஏறுபவர் செருப்பைக் கழற்றுவர். அஞ்சியவர் வளையலையும் கழற்றுவர். பருத்த உடலும் படபடக்கும் நெஞ்சுமாய் வந்த பெண்டிர்க்கெல்லாம், 'தினமும் அரைமணி நடக்கவும்' என்று ஆண்டாண்டாய்ச் சீட்டெழுதினீர்கள். நடந்தவர் சிலர், எடை கூடியவரோ பலர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, உம்மு நாயிஃப் என்ற அம்மையாருக்கு நான்கு கிலோ கூடியிருந்தது. "நான் சொல்றது காதுலயே விழலையா?" என்று கடிந்தீர்கள்.

"எங்க நடக்கச் சொல்றீங்க, சிஸ்டர்? ரோட்டுல இறங்கினா லாரி உரசிட்டுப் போகுது. கீழேருந்து இங்க ஏறி வர்ற படிக்கட்டுல கைப்பிடியும் இல்ல, வெளக்கும் இல்ல. நீங்க கார்ல வந்து கார்ல போறீங்க. ஒரு தடவ ஏறித்தான் பாருங்களேன்!" என்றார் அவர்.

தாங்கள் சினக்கவில்லை, பேனாவை மூடினீர்கள். அன்று பிற்பகலே அவரோடு அந்த நூற்றுப் பதினான்கு படிகளையும் ஏறினீர்கள். பாதி வழியில் கல் பெயர்ந்து தங்கள் முழங்கால் கிழிந்தது. மறுநாள் கட்டோடு வந்து, "நான் நடந்தே பாக்காத வழியில இத்தனை பேரை அனுப்பியிருக்கேனே" என்றீர்கள்.

அதன்பின் கைப்பிடி கேட்டு, விளக்கு கேட்டு, இளைப்பாற இருக்கை கேட்டு நகராட்சிக்கு மனுமேல் மனு எழுதினீர்கள். பதிலாக வந்ததோ, படிகளை இடித்து வண்டிப்பாதை போடும் திட்டம்! பொறியாளர் அளக்க வந்த அன்று, இருபத்து மூன்று பெண்களோடு படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாய் இருந்தீர்கள்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா, அளக்கணும்."

"நின்னா எப்படித் தம்பி எடை குறையும்? சிஸ்டர் நடக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க" என்று சீட்டை நீட்டினார் உம்மு நாயிஃப். "நீயும் வாயேன். உனக்கும்தான் தொப்பை இருக்கு!"

சிரித்தபடி அளவுநாடாவைச் சுருட்டிய பொறியாளர் உச்சிவரை ஏறினார். அங்கே மூச்சு வாங்க அமர்ந்து, படிகளைச் செப்பனிடலாம் என்றே எழுதிக் கொடுத்தார்.

பணி முடிய இரண்டாண்டு பிடித்தது. கைப்பிடியும் விளக்கும் வந்தன. இருக்கை இரண்டே இடங்களில்தான். எல்லோரும் மெலிந்துவிடவில்லை. உம்மு நாயிஃப் ஏழு கிலோ குறைந்தார். அவர் தங்கை ஒரு கிலோவும் குறையவில்லை. ஆயினும் முன்பு வாடகை வண்டியில் வந்தவர் இன்று நம் வாசலுக்கு நடந்து வருகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் ஓட்டப்பந்தயமே வைக்கின்றனர்.

அன்பரே! இந்த அவையறிய ஓர் உண்மை சொல்ல வேண்டும். 'செவிலிக்கு எதற்குக் கொத்தனார் வேலை?' என்று அந்நாளில் தங்கள் முதுகுக்குப் பின்னால் நகைத்தவர் வேறு யாருமல்லர். கீழே கையொப்பமிட்டுள்ள நாங்களே. பொறுத்தருள்க! நன்றி சொல்லத் தகுதியில்லாதவர்களாயினும், நெஞ்சார நன்றி சொல்கிறோம்.

முழங்கால் நோகாது, மூச்சு வாங்காது, இறைவன் அருளால் நெடுங்காலம் நடந்து வாழ்க!

தங்களுக்கு முன்பே அப்படிகளை ஏறிப் பார்த்திருக்க வேண்டிய,
நலவாழ்வு நிலையப் பணியாளர்கள்