செவுத்தைத் தாண்டிக் கேக்குற டிஸ்க்

அது வேண்டாம் தம்பி. நீங்க எதப் பெருமையாச் சொல்றீங்களோ அதுதான் எனக்கு ஆகாது. சத்தமே வராதுங்கறீங்க பாருங்க, அது.

எஸ்.எஸ்.டி தானே, உள்ள எதுவும் சுத்தாத டிஸ்க், தெரியும். பையனும் அதத்தான் வாங்கிட்டு வரச் சொன்னான். கதவத் தொறக்காம உள்ளேருந்தே சொன்னான். அவனோடது ஏதோ யூனிக்ஸாம், அந்த மாதிரி கம்ப்யூட்டர் பொட்டி, அவனே ஒவ்வொண்ணா வாங்கிக் கோத்தது. வேலை போனதுலேருந்து அதுதான் அவனுக்கு எல்லாம். இப்ப அதுல இருக்குற ஹார்ட் டிஸ்க் டொக்கு டொக்குங்குது. போகப்போகுதாம்.

எனக்குச் சுத்துற டிஸ்க்தான் வேணும். மெதுவா இருக்குமா? இருக்கட்டும், எங்க வீட்டுல யாருக்கு என்ன அவசரம். சீக்கிரம் கெட்டுப்போகுமா? போனா உங்க கடைக்குத்தானே வருவேன், உங்களுக்குக் கசக்குதா? ரெண்டும் ஒரே வயர்லதான் மாட்டும்னு நீங்கதானே சொன்னீங்க.

சுத்துறதுல ரெண்டு வச்சிருக்கீங்களே, அதுங்கள ஓடவிட்டுக் காட்டுங்களேன். ஃபேனக் கொஞ்சம் நிறுத்துங்க. ம்ஹூம், இது முணுமுணுங்குது, எடுத்து வைங்க. ஆங், இது! கரகரன்னு என்னமா அரைக்குது பாருங்க. செவுத்தைத் தாண்டி வரும்.

சிரிக்காதீங்க. அவன் ரூமுக்கும் என் அடுப்படிக்கும் நடுவுல ஒரே செவுருதான். பாத்திரம் கழுவிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன். அந்தப் பொட்டி தானா நகல் எடுக்குமாமே, அப்ப நிக்காம ஒரே சீரா ஓடும். அவன் ஒக்காந்து ஏதாவது பண்ணினா விட்டு விட்டு வரும். கரக், கரக். அப்புறம் ஒண்ணும் இருக்காது. யோசிக்கிறான் போலன்னு நெனச்சுக்குவேன். மறுபடி கரக்.

போன மாசம் ஒரு நாள், காலையிலேருந்து ஒரே சீராவே ஓடுச்சு. அந்தக் கரக் வரவே இல்ல. கூப்புட்டேன், கதவத் தட்டினேன். அவங்கப்பா கதவ ஒடச்சாரு. என்ன பண்ணிக்கிட்டான்னு கேக்காதீங்க. பொழச்சுட்டான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னாரு டாக்டர். புதுக் கதவும் போட்டாச்சு, தாப்பாள் வேண்டாம்னா கேக்க மாட்டேங்கறான். அடுப்படியில நிக்கவே பயமா இருக்கு தம்பி.

அதனால இதையே கட்டிக் குடுங்க. எதுக்கு இந்தச் சனியன வாங்கிட்டு வந்தேன்னு கத்துவான். கத்தட்டும். உள்ள ஆளு இருக்கான்னு தெரியும்ல.